சூரிச்சில் சரி, நெல்லையில் தப்பு!

பாளையங்கோட்டைக் கல்லூரிகளில் ஒரு தலைமுறைக்கு முன் வேதியியல் படித்தவர்களிடம் 'கெமிக்கல் பேலன்ஸ்' என்று சொல்லிப் பாருங்கள், பெருமூச்சு வரும். கண்ணாடிப் பெட்டிக்குள் இரண்டு தட்டு. எடைக்கற்களைக் கையால் தொடக் கூடாது, இடுக்கியால்தான் எடுக்க வேண்டும். முள் இந்தப் பக்கம் எத்தனை கோடு, அந்தப் பக்கம் எத்தனை கோடு என்று எண்ணிக் கணக்குப் போடுவதற்குள் பாதி வகுப்பு போய்விடும்.

அந்தத் தராசுக்குப் பிறவிக் குறை இரண்டு. தண்டின் இரு கைகளும் இம்மி பிசகாமல் ஒரே நீளத்தில் இருந்தாக வேண்டும். சுமை ஏற ஏற அதன் உணர்திறனும் மாறும்.

இதற்கு வழி செய்தவர் எர்ஹார்டு மெட்லர் என்ற ஸ்விஸ் பொறியாளர். 1945இல் சூரிச்சை அடுத்த கூஸ்நாக்ட்டில் நிறுவனம் தொடங்கினார். அவருடைய தராசில் தட்டு ஒன்றுதான். எடைகளும் அதே பக்கத்தில் தொங்கும். மறுமுனையில் மாறாத எதிர்ச்சுமை. பொருளை வைத்ததும் குமிழைத் திருகி எடைகளை ஒவ்வொன்றாகத் தூக்கிவிட வேண்டும். தண்டு பழைய நிலையை நெருங்கும்போது, தூக்கிய எடைதான் பொருளின் எடை. மிச்ச மில்லிகிராம்களை ஒளித்திரை எண்ணாகவே காட்டிவிடும். பொருளும் எடைக்கல்லும் ஒரே கையில் இருப்பதால் நீளத் தகராறு இல்லை, சுமையும் மாறுவதில்லை.

யோசனை பழையது. பிரெஞ்சு அறிஞர் போர்டாவின் பெயரோடு 18ஆம் நூற்றாண்டிலிருந்தே இருந்தது. அதை மாணவனும் நொடிகளில் எடை பார்க்கும் கருவியாக்கி, தொழிற்சாலையில் வரிசையாகச் செய்து தள்ளியதுதான் பொறியாளரின் சாதனை.

1973இல் அதே நிறுவனம் முழு மின்னணுத் தராசைக் கொண்டுவந்தது. எடைக்கல்லே வேண்டாம். காந்தப் புலத்தில் உள்ள கம்பிச்சுருள் தட்டைத் தாங்கும். அதற்குச் செலவாகும் மின்னோட்டம் எடையாகத் தெரியும்.

சிக்கலும் இங்கேதான் வந்தது. பழைய தராசு பொருளைக் கல்லோடு ஒப்பிட்டது. எந்த ஊரானாலும் ஒரே விடைதான். மின்னணுத் தராசு அளப்பதோ புவி இழுக்கும் விசையை. நிலநடுக்கோட்டை நெருங்கிய திருநெல்வேலியில் அந்த இழுப்பு சூரிச்சைவிடச் சற்றுக் குறைவு. அங்கே சரிசெய்த தராசை அப்படியே இங்கே வைத்தால் ஒரு கிலோவுக்குச் சுமார் 2.6 கிராம் குறைத்துக் காட்டும். ஒரு பவுனுக்கு 20 மில்லிகிராம். நகை வாங்குபவருக்கு லாபம், பழைய நகை விற்பவருக்கு நஷ்டம்! அதனால்தான் பயன்படுத்தும் ஊரிலேயே நியம எடைக்கல் வைத்து இதைச் சரிசெய்ய வேண்டும். உயர்ரகத் தராசுகளில் அந்தக் கல்லை உள்ளேயே பொருத்திவிடுகிறார்கள்.

அடுத்த முறை பவுன் எடுக்கும்போது, தராசின் நீர்க்குமிழி நடுவில் நிற்கிறதா, காலித் தட்டுக்குப் பூஜ்யம் காட்டுகிறதா, சட்டம் ஆண்டுதோறும் கேட்கும் முத்திரை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.