பத்துப் பேர் கூடும் இடம்
கொச்சியின் யூதத் தொழுகைக்கூடம் நமக்குக் கற்றுத்தருவது



ஞாயிற்றுக்கிழமை நாம் கோவிலுக்குப் போகாவிட்டாலும் திருப்பலி நடக்கும். பங்குத்தந்தை இருப்பார், பாடகர் குழு இருக்கும், பீடச் சிறுவர்கள் இருப்பார்கள். "நான் ஒருவன் வராவிட்டால் என்ன குறைந்துவிடப் போகிறது?" என்ற எண்ணம் நம்மில் பலருக்கு உண்டு. ஆனால், ஒரே ஒருவர் குறைந்தாலும் பொது வழிபாட்டை முழுமையாக நடத்த முடியாமல் போகும் ஒரு சமூகம் உண்டு. அது யூத சமூகம். அவர்களுடைய தொழுகைக்கூடத்தில் ஒரு வாரம் எப்படி நகர்கிறது என்பதை அறிவது, நம் ஆண்டவர் இயேசு வளர்ந்த வீட்டை எட்டிப் பார்ப்பது போன்றது.

நாசரேத்துத் தொழுகைக்கூடத்துக்கு இயேசு தம் வழக்கப்படி ஓய்வுநாளில் சென்றார், எசாயாவின் சுருளை வாங்கி வாசித்தார் என்று லூக்கா நற்செய்தியின் 4ஆம் அதிகாரத்தில் படிக்கிறோம். அந்த "வழக்கம்" இன்றும் உலகெங்கும் தொடர்கிறது. அதைக் காண எருசலேமுக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை. அதன் நீண்ட வரலாறு நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

பாலக்காட்டுக் கணவாய்க்கு அப்பால்

கோவையில் இரயிலேறிப் பாலக்காடு, திருச்சூர் வழியாகச் சென்றால் சுமார் நான்கு மணி நேரத்தில் எர்ணாகுளம். அங்கிருந்து மட்டாஞ்சேரி சென்றால் யூதத் தெருவின் கோடியில் பரதேசி தொழுகைக்கூடம் நிற்கிறது. 1568இல் கட்டப்பட்டது. தரையில் 18ஆம் நூற்றாண்டில் சீனாவிலிருந்து வந்த நீல நிறக் கையோவிய ஓடுகள் பதிக்கப்பட்டுள்ளன. உள்ளே நுழைவோர், நம் ஊர் வழக்கம் போலவே, காலணியைக் கழற்றிவிட்டுத்தான் செல்கின்றனர்.

கேரள யூதர்களின் வரலாறு இதைவிடப் பழமையானது. கி.பி. 1000ஆம் ஆண்டையொட்டிச் சேர மன்னர் பாஸ்கர ரவிவர்மன், யோசேப்பு ரப்பான் என்ற யூதத் தலைவருக்குச் செப்பேடு ஒன்றை வழங்கினார். பகல்விளக்கு, குடை, பல்லக்கு முதலான 72 உரிமைகளை அது அவருக்கும் அவருடைய வழித்தோன்றல்களுக்கும் அளித்தது. வட்டெழுத்தில், தமிழோடு நெருங்கிய அக்கால மலைநாட்டு மொழியில் பொறிக்கப்பட்ட அந்தச் செப்பேட்டை இந்தத் தொழுகைக்கூடத்தார் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்தார்கள்.

ஒரு கசப்பான உண்மையையும் நாம் மறைக்கக் கூடாது. 1662இல் இந்தத் தொழுகைக்கூடத்தைத் தாக்கித் தீயிட்டவர்கள் போர்ச்சுக்கீசியர்கள். நம்மைப் போலவே கத்தோலிக்கர்கள். இந்து மன்னர்கள் அடைக்கலம் தந்த இடத்தில், இயேசுவின் பெயரைச் சொன்னவர்கள் இயேசுவின் இனத்தாரைத் துன்புறுத்தினார்கள்.

மூன்று பெயர் கொண்ட வீடு

யூதர்கள் தொழுகைக்கூடத்தைச் செப வீடு, கற்கும் வீடு, கூடும் வீடு என்று மூன்று விதமாக அழைக்கிறார்கள். பலி செலுத்தும் இடம் எருசலேம் ஆலயம் ஒன்றே. அது கி.பி. 70இல் உரோமையரால் அழிக்கப்பட்டது. அதன் பிறகு யூத மக்களைக் கட்டிக்காத்தவை தொழுகைக்கூடமும் குடும்ப மேசையும்தான்.

உள்ளே எருசலேமை நோக்கிய சுவரில் ஒரு பேழை இருக்கும். நம் நாட்டில் அது மேற்குச் சுவர். மோசேயின் ஐந்து நூல்களும் கையால் எழுதப்பட்ட தோல் சுருள்கள் அதில் வைக்கப்பட்டிருக்கும். பேழைக்கு முன்னே ஒரு விளக்கு அணையாமல் எரியும். நற்கருணைப் பேழையையும் அதனருகில் எரியும் விளக்கையும் இங்கே நாம் நினைத்துக்கொள்ளலாம். நடுவில் வாசகம் படிக்கும் மேடை. கேரளத் தொழுகைக்கூடங்களில் மாடியிலும் இன்னொரு மேடை உண்டு. பெண்கள் அமரும் பகுதிக்கு முன்னால் அமைந்த அந்த மேடையிலிருந்து ஓய்வுநாள் காலையில் திருச்சட்டம் வாசிப்பது இவர்களுக்கே உரிய மரபு.

கொச்சியில் ராபி எனப்படும் குருக்கள் இருந்ததில்லை. எபிரேயம் கற்ற பெரியவர்களே வழிபாட்டை நடத்தினார்கள். வால்பாறை எஸ்டேட் கோவில்களில் சாமியார் வர முடியாத நாளில் உபதேசியார் செபம் நடத்துவதைக் கண்டவர்களுக்கு இது எளிதில் விளங்கும்.

வெள்ளி மாலை முதல் சனி இரவு வரை

யூதர்களுக்கு நாள் என்பது மாலையில் தொடங்குகிறது. சனி மாலைத் திருப்பலியை நாம் ஞாயிறு திருப்பலியாகக் கொள்வதன் வேர் இங்கேதான் இருக்கிறது.

வெள்ளிக்கிழமை பிற்பகலிலேயே வீடு பரபரப்பாகிவிடும். ஓய்வுநாளில் அடுப்பு மூட்டக் கூடாது என்பதால் மறுநாள் உணவையும் முன்கூட்டியே சமைத்துவிடுவார்கள். கதிரவன் மறையுமுன் வீட்டுத் தலைவி விளக்கேற்றி இறைவனைப் போற்றுவார். தொழுகைக்கூடத்தில் மாலைச் செபம் முடித்து வீடு திரும்பியதும், குடும்பத் தலைவர் இரசக் கிண்ணத்தைக் கையிலேந்தி ஆசிமொழி கூறுவார். பாலைவனத்தில் ஓய்வுநாளுக்கென இரண்டு மடங்கு மன்னா கிடைத்ததன் நினைவாக மேசையில் இரண்டு அப்பங்கள் இருக்கும். பெற்றோர் பிள்ளைகளை ஆசீர்வதிப்பார்கள். கொச்சி யூதப் பெண்கள் மலையாளத்திலேயே தங்களுக்கெனப் பாடல்களை இயற்றிக் குறிப்பேடுகளில் எழுதிவைத்து, திருவிழாக்களிலும் திருமணங்களிலும் பாடிவந்தார்கள்.

சனி காலை வழிபாட்டின் உச்சம் திருச்சட்ட வாசிப்பு. ஐந்து நூல்களும் 54 பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு ஓராண்டில் முழுவதும் வாசிக்கப்படுகின்றன. உலகின் பெரும்பாலான தொழுகைக்கூடங்களில் அந்த வாரம் வாசிக்கப்படுவது ஒரே பகுதி. குறைந்தது ஏழு பேர் ஒருவர்பின் ஒருவராக வாசக மேடைக்கு அழைக்கப்படுவார்கள். தொடர்ந்து இறைவாக்கினர் நூலிலிருந்து ஒரு வாசகம். நாசரேத்தில் இயேசு வாசித்தது இத்தகைய இறைவாக்கினர் வாசகமே. நம் ஞாயிறு வழிபாட்டில் முதல் வாசகம், திருப்பாடல், நற்செய்தி, மறையுரை என அமைந்துள்ள இறைவார்த்தை வழிபாடு இந்த மரபிலிருந்து முளைத்தது. ஆமென், அல்லேலூயா, ஓசன்னா ஆகிய சொற்களும் அங்கிருந்து வந்தவையே.

சனி இரவு வானில் மூன்று விண்மீன்கள் தெரிந்ததும் ஓய்வுநாள் நிறைவுபெறும். இரசம், நறுமணப் பொருள், பின்னிய மெழுகுதிரியின் சுடர் இவற்றோடு ஒரு சிறு சடங்கு நடக்கும். அடுத்த வாரத்துக்கும் அந்த நறுமணத்தைக் கொண்டுசெல்கிறார்கள் என்பது அதன் பொருள். வாரநாள்களிலும் காலை, பிற்பகல், மாலை என மூன்று வேளை செபம் உண்டு. திங்களும் வியாழனும் காலையில் திருச்சட்டத்தின் சிறு பகுதி வாசிக்கப்படும்.

சாயப்பட்டறையும் ஓய்வுநாளும்

ஓய்வுநாளில் தவிர்க்க வேண்டிய வேலைகள் 39 வகை என்று யூத மறைநூல் அறிஞர்கள் பட்டியலிட்டார்கள். அந்தப் பட்டியலைக் கொங்கு நாட்டார் படித்தால் வியப்படைவோம். உழுதல், விதைத்தல், அறுத்தல், போரடித்தல், தூற்றுதல் என்று அது செல்கிறது. பிறகு வெளுத்தல், சாயமிடுதல், நூற்றல், பாவு பூட்டுதல், நெய்தல், தைத்தல் என்று தொடர்கிறது. நம் தோட்டமும், சோமனூர் விசைத்தறியும், திருப்பூர் பனியன் கம்பெனியும் அதற்குள் அடங்கிவிடுகின்றன!

இதைச் "சட்டத்தின் சுமை" என்று எளிதாக ஒதுக்கிவிடுகிறோம். ஓய்வுநாளைப் பற்றி இயேசு பரிசேயரோடு வாதாடினார் என்பது உண்மை. ஆனால் அவர் ஓய்வுநாளை ஒழிக்கவில்லை. அது மனிதருக்காகவே உண்டானது என்று அதன் உட்பொருளை விளக்கினார். இணைச் சட்ட நூலின் கட்டளை வீட்டுத் தலைவருக்கு மட்டும் ஓய்வு தரவில்லை. வேலையாளுக்கும், அந்நியருக்கும், மாட்டுக்கும் கழுதைக்கும் அது ஓய்வு கேட்கிறது. எகிப்தில் ஓய்வின்றி அடிமை வேலை செய்த மக்களுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

நம் நிலை என்ன? சனிக்கிழமை வாரச் சம்பளம், ஏற்றுமதி ஆர்டர் அவசரம் என்றால் ஞாயிறும் வேலை. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து விடுதிகளில் தங்கி உழைப்போருக்கு ஞாயிறு என்பது பல நேரம் இன்னொரு ஷிஃப்ட் மட்டுமே. பட்டறை நடத்தும் கத்தோலிக்க முதலாளிகளும் நம்மிடையே உண்டு. நாம் கோவிலில் இருக்கும்போது நம் தறி யாருடைய உழைப்பில் ஓடுகிறது?

பத்துப் பேர்

யூதர் ஒருவர் தனியாகவும் செபிக்கலாம். ஆனால் திருச்சட்டச் சுருளைப் பொதுவில் வாசிக்கவும், இறந்தோர் நினைவாகச் சொல்லப்படும் புகழ்ச்சி மன்றாட்டைச் சொல்லவும் குறைந்தது பத்துப் பேர் வேண்டும். இதற்கு மின்யான் என்று பெயர். கொச்சி யூதர்கள் பின்பற்றும் மரபில், 13 வயது நிறைந்த ஆண்களே இந்தக் கணக்கில் சேர்வார்கள். பெரிய வியாபாரியும் கூலிக்காரரும் இந்தக் கணக்கில் ஒன்றுதான். பத்தாவது ஆள் வரும்வரை ஒன்பது பெரிய மனிதர்கள் காத்திருக்க வேண்டும்.

ஆனால் மட்டாஞ்சேரியில் அந்தக் கணக்கு நேர்மையாக நடக்கவில்லை. விடுதலை பெற்ற அடிமைகளின் வழிவந்தவர்கள் என்று கருதப்பட்டவர்கள், பரதேசி தொழுகைக்கூடத்தில் மற்றவர்களோடு சமமாக அமர முடியவில்லை. திருச்சட்டம் வாசிக்க அவர்களை அழைக்கவில்லை. பல நூற்றாண்டுகளாக மலபார் யூதர்கள் எனப்பட்டவர்களும் ஒதுக்கியே வைக்கப்பட்டார்கள். செபம் ஒன்று, மறைநூல் ஒன்று. ஆனால் இருக்கை வேறு. இந்த அநீதியை எதிர்த்து நின்றவர் ஆபிரகாம் பராக் சேலம் (1882–1967). வழக்கறிஞரான அவர், காந்தியடிகளின் அறவழியைத் தொழுகைக்கூடத்துக்கு உள்ளேயே கொண்டுவந்து சத்தியாகிரகம் செய்தார். நீண்ட போராட்டத்துக்குப் பிறகே தடைகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. "யூத காந்தி" என்று அவரை இன்றும் மக்கள் நினைவுகூர்கின்றனர்.

1948இல் இஸ்ரயேல் நாடு உருவானதும், 1950களில் கேரள யூதர்களில் மிகப் பெரும்பாலோர் அங்கே குடிபெயர்ந்தார்கள். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சமூகம் கைவிரல் விட்டு எண்ணும் அளவுக்குச் சுருங்கியது. நெகேபு பாலைவனத்தில் உள்ள நெவாத்திம் என்ற ஊரில் அவர்கள் தோட்டம் போட்டு வாழத் தொடங்கினார்கள். அங்கே அவர்கள் மரபில் தொழுகைக்கூடமும் அருங்காட்சியகமும் உண்டு. மட்டாஞ்சேரியில் இருந்த கடவும்பாகம் தொழுகைக்கூடத்தின் மரவேலைப்பாடுகள் எருசலேமில் உள்ள இஸ்ரயேல் அருங்காட்சியகத்தில் 1995 முதல் காட்சிக்கு இருக்கின்றன. சேந்தமங்கலம், பறவூர் தொழுகைக்கூடங்கள் அரசு பேணும் அருங்காட்சியகங்களாகிவிட்டன.

பரதேசி தொழுகைக்கூடத்திலோ, பத்துப் பேர் சேர வெளியூரிலிருந்து யூதப் பயணிகள் யாராவது வரமாட்டார்களா என்று காத்திருக்கும் நிலை வந்தது. ஒரு காலத்தில் சொந்தச் சகோதரரை எண்ணிக்கையில் தாழ்த்திய இடத்தில், பிறகு எண்ணுவதற்கே ஆள் இல்லை. 2024 ஆகஸ்டில், அங்கே எஞ்சியிருந்த பரதேசி யூதப் பெண்களில் கடைசியானவரும் இறைவனில் இளைப்பாறினார்.

நமக்கான கேள்விகள்

இதை வாசித்து யூதர்களைக் குறைகூற நமக்குத் தகுதியில்லை. சாதிக்கொரு கல்லறை, சாதிக்கொரு தெருவில் மட்டும் தேர் என்ற அவலங்கள் தமிழகத் திருச்சபையில் இன்னும் முற்றிலும் மறையவில்லை. நம் பங்கில் வாசகம் படிக்க யாரை அழைக்கிறோம்? அன்பியக் கூட்டம் யார் வீட்டில் நடக்கிறது, யார் வீட்டுக்கு மட்டும் போவதில்லை? யார் வீட்டில் தேநீர் குடிக்கத் தயங்குகிறோம்?

யூதர்களைப் பற்றிய நம் பேச்சையும் திருத்திக்கொள்வோம். 1965 அக்டோபர் 28இல் வெளியான இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் அறிக்கை, இயேசுவின் சாவுக்கான பழியை யூத மக்கள் அனைவர் மீதும் சுமத்துவது தவறு என்று தெளிவுபடுத்தியது. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1986இல் உரோமைத் தொழுகைக்கூடத்துக்குச் சென்று யூதர்களை நம் மூத்த சகோதரர்களாக ஏற்றுப் பேசினார். 2000ஆம் ஆண்டு மார்ச்சில் எருசலேமின் மேற்குச் சுவரில் மன்னிப்பு மன்றாட்டை எழுதிவைத்தார். பெரிய வெள்ளிக்கிழமை பாடுகளின் வரலாற்றைக் கேட்கும்போது, சிலுவையில் தொங்குபவரும் அடியில் நிற்கும் தாயும் யூதர்களே என்பதை நினைப்போம்.

பத்துப் பேர் வேண்டும் என்று ஆண்டவர் நம்மிடம் கேட்கவில்லை. தம் பெயரால் இரண்டு மூன்று பேர் கூடினாலே போதும் என்றார். ஆனால் எண்ணிக்கையைக் குறைத்தாரே தவிர, கூட வேண்டும் என்பதைக் குறைக்கவில்லை. வரும் ஞாயிறு கோவிலில் நம் இடத்தில் நாம் இருப்போம். நம் பக்கத்து இருக்கை காலியாக இருந்தால், அங்கே இருக்க வேண்டியவர் யார், அவர் ஏன் வரவில்லை என்று விசாரிப்போம். வேலை தடுத்ததா, நாம் தடுத்தோமா என்பதையும் கேட்போம். விடை தெரிந்தால் திங்கள்கிழமையே அவர் வீட்டுக் கதவைத் தட்டுவோம்.

ஆபிரகாமின் இறைவன் நம் எல்லாரையும் ஒரே குடும்பமாகக் கூட்டிச்சேர்ப்பாராக!