பழைய ட்ரெட்மில்லும் ஒரு தாள் ரசீதும்

என் மகன் செம்பூரில் வீடு வீடாகச் சென்று உடற்பயிற்சி கற்றுத் தருகிறான். 2022-இல் தன் பழைய ட்ரெட்மில்லை நம் தமிழ் நண்பர் ஒருவருக்கு 22,000 ரூபாய்க்கு விற்றான். "நமக்குள் ரசீது எதற்கு?" என்று சொன்னவன் நான்தான்.

மூன்றாம் மாதம் மோட்டார் கருகிவிட்டது. பழுதை மறைத்து விற்றதாக அவர் சொன்னார். பெல்ட்டுக்கு அடியில் எண்ணெய் விடாமல் ஓட்டியதுதான் காரணம் என்றான் மகன். எழுத்தில் எதுவும் இல்லை. பாதிப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம்.

இப்போது ஒவ்வொரு விற்பனைக்கும் ஒரு தாள் எழுதுகிறோம். இருவர் பெயர், முகவரி, தேதி. கம்பெனி, மாடல், சீரியல் நம்பர். டம்பெல் என்றால் எடைவாரியாக எண்ணிக்கை. எத்தனை ஆண்டு உபயோகித்தது, தெரிந்த குறைகள், விலை, பணம் தந்த விதம். "ஓட்டிப் பார்த்து வாங்கினேன்" என்று வாங்குபவர் கையெழுத்திட வேண்டும். தொகை 5,000 ரூபாயைத் தாண்டினால் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி, அதன்மேல் விற்பவர் கையெழுத்திட வேண்டும்.

வாங்குபவர்களுக்கும் ஒரு வார்த்தை. பயிற்சியாளரிடம் இருக்கும் கருவி ஜிம்முக்குச் சொந்தமானதாக இருக்கலாம்; தவணை பாக்கியும் இருக்கலாம். தனக்கு உரிமையில்லாத பொருளை ஒருவர் விற்றால், 1930-ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டப்படி பொதுவாக வாங்கியவருக்கும் உரிமை வராது. ஆகவே முதல் பில்லைக் கேட்டு வாங்கி, அதன் நகலை ரசீதுடன் இணையுங்கள். இரண்டு பிரதி எழுதி ஆளுக்கொன்று வைத்துக்கொள்ளுங்கள்.

தெரிந்தவரிடம் ரசீது பேசக் கூச்சமாகத்தான் இருக்கும். அந்த நண்பர் இன்றும் கோயிலில் என்னைக் கண்டால் வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறார். அதற்கு அந்தக் கூச்சமே தேவலை.