மெய்நிகர் கணினியும் வலையமைப்பு அச்சுப்பொறியும்

இலங்கைத் தமிழ்க் கணினி அச்சாக்கத்தில் பாமினி எழுத்துருவும் பேஜ்மேக்கர் மென்பொருளும் ஒருகாலத்தில் பெருவழக்குற்றிருந்தன. பேஜ்மேக்கரின் இறுதிப் பெரும் பதிப்பு 2001இல் வெளிவந்தது. அதில் பக்கமாக்கப்பெற்ற பழைய மலரொன்றை மீள அச்சிட விழையும் பேராதனை ஆய்வாளர் ஒருவருக்கு, விண்டோஸ் எக்ஸ்பியை வெர்ச்சுவல்பொக்ஸில் மெய்நிகர் கணினியாக இயக்குதல் ஏற்ற வழியாகும்.

அதன்கண் எழும் சிக்கல் அச்சிடுதலே. ‘நாட்’ முறையில் மெய்நிகர் கணினி, தன்னைத் தாங்கும் கணினியின் முகவரிக்குப் பின்னால் மறைந்து நிற்கின்றது. ஆதலின், அச்சுப்பொறியைத் தானாகத் தேடும் பொது அழைப்புகள் வெளிச்செல்வதில்லை. ஆயினும், அச்சுப்பொறிக்கு நிலையான ஐபி முகவரி வழங்கி, அதனை நேரே குறிப்பிட்டு, 9100ஆம் இலக்க வாயில்வழி அனுப்பின் பக்கம் சென்றடையும். ‘பிரிட்ஜ்’ முறையிலோ மெய்நிகர் கணினி தனிமுகவரி பெற்று வலையமைப்பின் நேர் உறுப்பாகின்றது. இஃது எளிதெனினும், 2014இல் பொதுப் பாதுகாப்பு ஆதரவு முடிவுற்ற எக்ஸ்பியை வளாக வலையமைப்பில் வெளிப்படுத்துதல் ஆபத்தானது. எனவே முன்னைய முறையே தக்கது. எக்ஸ்பிக்குரிய இயக்கி இல்லாத புதிய அச்சுப்பொறியும், போஸ்ட்ஸ்கிரிப்ட் மொழியை ஏற்பதாயின், பொது இயக்கியால் பணியாற்றும்.

பாமினி இல்லாக் கணினியில் அக்கோப்புகள் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலே. கருவி வழக்கிழந்தமையால் கண்டித் தமிழர் எழுதிவைத்தவையும் வழக்கிழத்தல் தகாது.