சுருதி சேர்ந்த இல்லம்

மன்னார்குடி இராசகோபாலசுவாமி திருக்கோயிலின் பங்குனிப் பெருவிழாவில் நாகசுவர இசையைக் கேட்டு மகிழாதார் இலர். நாகசுவரம் நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் கடைந்ததாக இருக்கலாம். தவில் வேறோர் ஊரில் தோல் கட்டியதாக இருக்கலாம். தாளம் பிறிதொருவர் வார்த்ததாக இருக்கலாம். செய்த கைகள் பலவாயினும், சுருதியும் தாளமும் ஒன்றாதலின் இசையும் ஒன்றாகின்றது. பல நிறுவனங்கள் செய்த திறன் கருவிகளை ஒரு வீட்டில் இணைந்து இயங்கச் செய்வதும் இத்தகையதே.

திறன் கருவிகளாவன யாவை? கைபேசியின் ஆணைக்கும், மாந்தர் குரலுக்கும், தாமே உணரும் குறிப்புக்கும் ஏற்ப இயங்கும் விளக்கு, விசிறி, பூட்டு முதலியன. நள்ளிரவில் வரப்பின்மேல் நடந்து சென்று மோட்டாரை இயக்கிய உழவர் பலர், இன்று வீட்டிலிருந்தே கைபேசியால் அதனை இயக்குகின்றனர். பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் வாழ, முதியோர் தனித்திருக்கும் இல்லங்களும் நம் பகுதியில் உள்ளன. இரவில் எழும் முதியவரின் காலடியை உணர்ந்து தானே எரியும் விளக்கு வேடிக்கைப் பொருளன்று. அவரை விழாது காக்கும் துணையாகும்.

ஆயினும் இடர் ஒன்று உண்டு. நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட், 50 சுழற்சி என்னும் ஒரே அளவினது. ஆதலின் எந்நிறுவனத்து விளக்கும் எவர் வீட்டிலும் எரிகின்றது. திறன் கருவிகளோ வைஃபை, புளூடூத், ஜிக்பீ, இசட்-வேவ் எனப் பல வழிகளில் பேசுகின்றன. ஒரு நிறுவனத்தின் உணர்கருவி காலடியை அறிந்தாலும், அதன் சொல் மற்றொரு நிறுவனத்தின் விளக்குக்கு விளங்குவதில்லை. ஒவ்வொன்றையும் இயக்கத் தனித்தனிச் செயலி வேண்டியதாகின்றது.

ஒரே நிறுவனத்தையே நம்பி வாங்கினால் தொல்லை தீராதோ எனின், அதிலும் கேடு உண்டு. அமெரிக்க நாட்டில் ரிவால்வ் என்னும் இணைப்புக் கருவி ஏறக்குறைய 300 டாலருக்கு விற்கப்பட்டது. அந்நிறுவனத்தை 2014இல் நெஸ்ட் நிறுவனம் வாங்கியது. 2016 மே மாதத்தில் அதன் சேவையை நிறுத்தியது. கருவி பழுதுறவில்லை; எனினும் வாங்கியோர்க்கு அது பயனற்ற பெட்டியாயிற்று. தொலைவிலுள்ள ஒரு கணினியின் உயிரே அதன் உயிராக இருந்தமையே காரணம்.

இக்குறையை நீக்க, 2019 டிசம்பரில் அமேசான், ஆப்பிள், கூகுள் ஆகிய போட்டி நிறுவனங்களும் ஜிக்பீ கூட்டமைப்பும் ஒன்றுகூடின. அவற்றின் முயற்சியால் 2022 அக்டோபரில் ‘மேட்டர்’ என்னும் பொது நெறி வெளிவந்தது. இந்நெறிப்படி அமைந்த கருவிகள் வைஃபை வழியாகவோ ‘திரெட்’ என்னும் வழியாகவோ வீட்டிற்குள்ளேயே ஒன்றோடொன்று பேசவல்லன. ஆதலின் வெளி இணையம் அறுந்தபோதும் அவை வீட்டினுள் இயங்கக்கூடும். எனினும் திரெட் வழிக் கருவிகளை வீட்டு வலையோடு சேர்க்க இடைக்கருவி ஒன்று வேண்டும். நிறுவனங்களின் தனிச்சிறப்பு வசதிகள் சில, அவற்றின் செயலியிலேயே அமைதலும் உண்டு.

இனி, இல்லத்தார் செய்யத்தக்கன யாவை? முதலில் தம் தேவையை வரையறுத்தல் வேண்டும். அடுத்து, அனைத்தையும் ஆளும் செயலி ஒன்றைத் தேர்ந்து, அதனோடு பொருந்தும் கருவிகளையே உறையிலுள்ள குறி கண்டு வாங்குதல் வேண்டும். சுவரில் திறன் சுவிட்சு பொருத்துமுன், பெட்டியில் நியூட்ரல் கம்பி உளதா என மின்பணியாளரைக் கொண்டு அறிதல் நன்று. கருவியோடு வந்த கடவுச்சொல்லை உடனே மாற்றுதல் இன்றியமையாதது. 2016இல் ‘மிராய்’ என்னும் தீநிரல், மாற்றப்படாத கடவுச்சொற்களின் வழியே எண்ணற்ற கேமராக்களுள் புகுந்து, பெரும் இணையத் தளங்களையே முடக்கிற்று.

இவை அனைத்தினும் தலையாயது ஒன்று உண்டு. 2018 நவம்பர் 16ஆம் நாள் கஜா புயல் வீசியபின், நம் வட்டாரம் பல நாள் மின்சாரமின்றி இருளில் கிடந்தது. அத்தகைய நாளிலும் கதவு சாவியால் திறத்தல் வேண்டும். மின்சாரம் மீண்டவுடன் விளக்குக் கைச்சுவிட்சால் எரிதல் வேண்டும். கருவிகள் தமக்குள் ஒத்திசைவது சிறப்பே. அவை வீட்டார் கைக்கும் அடங்கி நிற்பதே முழுப்பயன் தருவதாகும்.