தோலுக்காக ஆடு வளர்த்தவர்கள்

“போன்ல பேசறதுக்குக் காசு வேணாங்கறான். அப்புறம் எதை வெச்சுத் தம்பி டவர் நிறுத்தறான்?” ஆம்பூரில் ஒரு டீக்கடையில் இதைக் கேட்டவர் பேரணாம்பட்டில் பச்சைத்தோல் வாங்கி விற்கும் பெரியவர். தோல்காரர் கேட்டதால் எனக்குப் பதில் சொல்வது சுலபமாகப் போயிற்று. “பாய், தோலுக்காக யாராவது ஆடு வளர்ப்பாங்களா?” என்றேன். “எவன் வளர்ப்பான்? ஆடு கறிக்கு. தோல் கூட வர்றது.”

அவர் சொன்ன இந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டால், இணையத்தின் இலவசக் கணக்கு முக்கால்வாசி புரிந்துவிடும். பக்ரீத் முடிந்த மறுநாள் மண்டிகளில் தோல் குவிகிறது, விலை சரிகிறது. டேனரிக்கு ஆர்டர் இருக்கிறதா என்று விசாரித்துக்கொண்டு யாரும் குர்பானி கொடுப்பதில்லை. ஆட்டை வளர்த்த செலவைக் கறி தூக்கிக்கொள்கிறது. தோலுக்குக் கிடைத்தது லாபம். இப்படிப்பட்ட சந்தையில் ஒருவர் தோலை மட்டும் விற்றுப் பிழைக்கலாம் என்று ஆடு வளர்த்தால், தீவனக் காசுகூடத் திரும்பாது. அவர் எவ்வளவு உழைப்பாளியாக இருந்தாலும் சரி. பக்கத்து வீட்டுக்காரனுக்குக் கூடவே வருவது அவருக்கு முழுப் பிழைப்பு.

தொலைபேசி நிறுவனங்கள் அப்படித் தோலுக்காக ஆடு வளர்த்தவர்கள்தான். ராணிப்பேட்டை, மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றை ஒட்டிய ஊர்களிலிருந்து ஜெர்மனிக்கும் இத்தாலிக்கும் சரக்கு அனுப்பியவர்களுக்கு அந்தக் காலம் நினைவிருக்கும். டெலக்ஸ், பிறகு ஃபேக்ஸ், அவசரமென்றால் ஐ.எஸ்.டி. வெளிநாட்டு அழைப்பு 2002 மார்ச் வரை வி.எஸ்.என்.எல். ஒன்றின் கையில்தான் இருந்தது. உள்நாட்டு எஸ்.டி.டி.க்கு இரவில் கட்டணம் குறையும் என்று மஞ்சள் பலகை பூத் வாசலில் காத்திருந்து பேசிய குடும்பங்கள் எத்தனையோ. தூரத்துக்கும் நிமிடத்துக்கும் காசு. விற்க அந்த நிறுவனங்களிடம் வேறு பொருளே இல்லை.

எஸ்.எம்.எஸ். கதையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். கைப்பேசியும் டவரும் ‘நான் இங்கே இருக்கிறேன்’, ‘உனக்கு அழைப்பு வருகிறது’ என்று தங்களுக்குள் சைகை சொல்லிக்கொள்ள ஒரு சின்ன வழி வைத்திருக்கின்றன. அந்த வழி பெரும்பாலான நேரம் சும்மா கிடந்தது. அதில் ஏற்றி அனுப்பியதுதான் எஸ்.எம்.எஸ். இடம் குறுகல் என்பதால்தான் ஆங்கிலத்தில் 160 எழுத்து, தமிழில் 70 எழுத்து என்ற கட்டு. நிறுவனத்துக்கு இதனால் கூடுதலாக ஆகும் செலவு மிகச் சொற்பம். ஆனாலும் அப்போதெல்லாம் பொங்கல், தீபாவளி, புத்தாண்டு என்றால் மலிவு பேக் செல்லாது. ஒவ்வொரு வாழ்த்துக்கும் தனிக் காசு. மக்கள் ஒருவரையொருவர் நினைக்கும் நாளைப் பார்த்து விலையேற்றியது எனக்கு இன்றைக்கும் பொறுக்காத விஷயம். வாட்ஸ்அப் வந்தவுடன் ஊரே ஒரே மூச்சில் அந்தப் பக்கம் போனதற்கு இந்தக் கசப்பும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

வாட்ஸ்அப் 2009-இல் தொடங்கியது. 2014-இல் ஃபேஸ்புக் அதை 1,900 கோடி டாலர் விலை பேசி வாங்கியபோது, மாதம் 45 கோடிப் பேர் பயன்படுத்தினார்கள். வேலை பார்த்தவர்கள் ஐம்பத்தைந்து பேர். ஆண்டுக்கு ஒரு டாலர் என்று வைத்திருந்த கட்டணத்தையும் 2016-இல் எடுத்துவிட்டார்கள். வாங்கியவர்களுக்குக் கறி விளம்பரத்தில் இருந்தது. இன்று டேனரி சூப்பர்வைசர் தோலின் கிரெயினைப் படமெடுத்து அனுப்பினால், டீ ஆறுவதற்குள் தோல் வாங்கும் பையரிடமிருந்து பதில் வருகிறது. ஆனால் ஷேடு ஒப்புதலுக்குத் தோல் துண்டு இன்னமும் கூரியரில்தான் போகிறது. போன் திரையில் தெரியும் பழுப்பை நம்பி யாரும் ஆயிரக்கணக்கான சதுர அடி சாயமேற்ற மாட்டார்கள். தொட்டுப் பார்க்க வேண்டியதை இலவசம் இன்னும் தொடவில்லை.

இப்போது ஏர்செல். அது நம் ஊர்க் கதை என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். 1999-இல் சிவசங்கரன் தமிழ்நாட்டில் தொடங்கிய நிறுவனம். 2006-இல் மலேசியாவின் மேக்ஸிஸ் கைக்குப் போனது. சென்னை சூப்பர் கிங்ஸின் மஞ்சள் சட்டையில் அந்தப் பெயர் இருந்தது. அப்போது இங்கே அதன் எண் இல்லாத தெரு அரிது.

2016 செப்டம்பர் 5 அன்று ஜியோ வந்தது. அடுத்த மார்ச் 31 வரை எல்லாமே இலவசம். அதன் பிறகும் பேச்சுக்குக் காசில்லை என்றார்கள். எப்படி முடிந்தது? பழைய முறையில் ஒருவர் பேசினால், பேசி முடிக்கும்வரை அவருக்கென்று ஒரு வழியை ஒதுக்கியாக வேண்டும். ஜியோ கட்டியது 4ஜி மட்டும். அதில் குரலும் ஒரு டேட்டாதான். ஒரு நிமிடப் பேச்சுக்கு ஒரு எம்.பி.கூட ஆகாது, ஒரு சினிமாப் பாட்டைத் தெளிவான வீடியோவாகப் பார்க்கும் டேட்டாவில் ஒரு மணி நேரம் பேசிவிடலாம். டேட்டாவை விற்க வந்தவருக்குப் பேச்சு, கறியோடு வரும் தோல். பின்னால் தாய் நிறுவனத்தின் சுத்திகரிப்பு ஆலை வருமானமும் இருந்ததால் மாதக்கணக்கில் நஷ்டத்தைத் தாங்கவும் முடிந்தது. எதிரில் நின்றவர்களுக்கோ பேச்சுதான் சோறு.

இன்னொரு வருமானமும் கரைந்தது. ஒரு நிறுவனத்தின் வாடிக்கையாளர் இன்னொரு நிறுவனத்தின் எண்ணை அழைத்தால், அழைத்த பக்கம் நிமிடத்துக்கு 14 பைசா கொடுக்க வேண்டும் என்பது விதியாக இருந்தது. 2017 அக்டோபரில் தொலைத்தொடர்பு ஆணையமான டிராய் அதை 6 பைசாவாகக் குறைத்தது. 2021 ஜனவரி முதல் அதுவும் இல்லை. ஏர்செல்லுக்குக் கடன் ஏற்கனவே கழுத்துவரை இருந்தது. ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸோடு இணையும் பேச்சும் அதே 2017 அக்டோபரில் முறிந்தது. ஆகவே இலவசம் ஒன்றே கொன்றது என்று சொன்னால் அது நியாயமாகாது. மூச்சுவிட இருந்த அவகாசத்தை அது பறித்துக்கொண்டது.

2018 பிப்ரவரியில் டவர் நிறுவனங்களோடு வந்த தகராறில் தமிழ்நாடெங்கும் ஏர்செல் சிக்னல் விழுந்தது. மாதக் கடைசியில் திவால் மனு. எண்ணை வேறு நிறுவனத்துக்கு மாற்றக் கடை வாசல்களில் கூட்டம் நின்றது. வியாபாரிக்கு எண் என்பது கடைப் பலகை மாதிரி. வங்கிக் கணக்கில் அதுதான், பில்லில் அதுதான், பழைய வாடிக்கையாளர் நினைவில் இருப்பதும் அதுதான்.

ஜியோ வந்தபோது நாட்டில் ஏறக்குறைய பத்து நிறுவனங்கள் இருந்தன. இப்போது ஜியோ, ஏர்டெல், வோடஃபோன் ஐடியா, கூடவே அரசின் பி.எஸ்.என்.எல். கூட்டம் குறைந்ததும் விலை ஏறத் தொடங்கியது: 2019 டிசம்பர், 2021 இறுதி, பிறகு 2024 ஜூலை. தினம் ஒன்றரை ஜி.பி. தரும் ஜியோவின் 28 நாள் பேக் அந்த ஜூலையில் 239 ரூபாயிலிருந்து 299 ஆனது. இதைச் சொன்னதும் “அப்போ ஏமாத்திட்டானா தம்பி?” என்றார் பெரியவர். இல்லை. 2016-க்கு முன் ஒரு ஜி.பி.க்குக் கொடுத்த காசை நினைத்தால் இன்றும் மலிவுதான். எல்லோர் கைக்கும் இணையம் வந்தது பெரிய காரியம், அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் இலவசம் ஒரு போட்டி ஆயுதமாக வரும்போது, எதிராளி நிற்கும்வரைதான் அதற்கு ஆயுள். அதற்குள் நாம் ஆதாயம் பார்த்துக்கொள்ளலாம். அது நிலைக்கும் என்று கணக்குப் போடக் கூடாது.

யு.பி.ஐ. வேறு மாதிரி. கார்டு தேய்க்கும் மிஷின் வைத்தவர்கள் ஒவ்வொரு விற்பனையிலும் கடைக்காரரிடம் ஒரு சிறு பங்கு எடுத்தார்கள். மிஷின், பேங்க், கார்டு நிறுவனம் எல்லாருக்கும் அதுதான் படி. 2020 ஜனவரி 1 முதல் யு.பி.ஐ.க்கு அந்தப் பங்கு பூஜ்யம் என்று அரசு சட்டமாக்கியது. ஆம்பூர் பிரியாணிக் கடையில் விழும் முழு ரூபாயும் கடைக்குத்தான். செலவை வங்கிகள் சுமக்கின்றன. 2024–25-க்கு, சிறு கடைகளில் 2,000 ரூபாய் வரையிலான பரிமாற்றங்களுக்கென்று 1,500 கோடி ரூபாய் ஊக்கத்தொகை ஒதுக்கியது மத்திய அரசு. செயலி நடத்துபவர்களுக்குக் கறி வேறிடத்தில்: காசு வந்ததை உரக்கச் சொல்லும் பெட்டிக்கு மாத வாடகை, கடையின் தினசரி வரவைப் பார்த்துத் தரும் கடன். அந்தக் கடனின் வட்டியைக் கூட்டிப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

ஜோஹோ 2021-இல் வெளியிட்ட ‘அரட்டை’யும் இதே கணக்குத்தான். அலுவலக மென்பொருளில் சம்பாதிப்பவர்கள் அரட்டையை இலவசமாகத் தர முடிகிறது. ஆனால் 2025-இல் பெரும் கூட்டம் அதை இறக்கிப் பார்த்தும், வாட்ஸ்அப் அசையவில்லை. இலவசத்தை இலவசத்தால் வெல்வது கடினம். பையர் எங்கே இருக்கிறாரோ அங்கேதான் நாமும் இருப்போம்.

அங்கேதான் நம் ஊர் வியாபாரிக்கு நான் சொல்ல வேண்டியது இருக்கிறது. வாட்ஸ்அப் தனி ஆளுக்கு இலவசம். அதன் வணிகத் தளத்தில் வாடிக்கையாளர்களுக்குக் கூட்டமாகச் செய்தி அனுப்பும் நிறுவனம் காசு கட்டுகிறது. கட்டண எல்லை எங்கே போடப்படும் என்பது நம் கையில் இல்லை. மிலானில் இருக்கும் பையரின் முகவரி, அவர் ஒப்புக்கொண்ட ஷேடு, போன சரக்கின் விலை, பாக்கி எல்லாம் ஒரு செயலியின் உரையாடலுக்குள் மட்டுமே கிடக்கும் டேனரிகளை எனக்குத் தெரியும். அவற்றை ஒரு நோட்டிலோ உங்கள் கணினியிலோ தனியாக எழுதுங்கள், பையரின் மின்னஞ்சல் முகவரியைக் கேட்டு வாங்குங்கள், வேறொரு நிறுவனத்தின் எண் ஒன்றையும் பில்லில் அச்சிடுங்கள்.