எண்ணெய்ச் சார்பும் புதுப்பிக்கத்தக்க ஆற்றலும்

ஒரு நாடு தனக்கு வேண்டிய பெட்ரோலியத்தின் பெரும்பகுதியை வெளிநாடுகளிலிருந்து வாங்க வேண்டிய நிலையில் இருப்பது எண்ணெய்ச் சார்பு எனப்படும். கதிரவன், காற்று, ஓடும் நீர், உயிர்க்கழிவு போன்ற தீராத மூலங்களிலிருந்து கிடைப்பது புதுப்பிக்கத்தக்க ஆற்றல். பின்னது வளர்ந்தால் முன்னது தானாகவே குறையும் என்ற கருத்து பரவலாக உள்ளது. அது முழுவதும் சரியன்று. எண்ணெயில் ஓடும் பொறிகள் மின்சாரத்துக்கு மாறும் அளவுக்கே எண்ணெய்த் தேவை குறையும். மதுரை மாவட்டத்தின் மேலூர் வட்டம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

வளரும் நாடுகள் மீதான தாக்கம்

கச்சா எண்ணெய் பெரும்பாலும் டாலரில் விற்கப்படுகிறது. அதனால் ஏற்றுமதி வருவாய் குறைந்த நாடுகளை விலையேற்றம் கடுமையாகத் தாக்குகிறது. 1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெய் வழங்கலைக் குறைத்தபோது, பீப்பாய்க்கு ஏறத்தாழ 3 டாலராக இருந்த விலை சில மாதங்களில் 12 டாலரை நெருங்கியது. 1990-91 வளைகுடாப் போர்க்கால விலையேற்றம், இந்தியா தங்கத்தை அடகு வைக்க நேர்ந்த அந்நியச் செலாவணி நெருக்கடிக்கு ஒரு காரணமாயிற்று. 2022இல் இலங்கையிடம் எரிபொருள் வாங்க டாலர் இல்லாமல் போனது. மக்கள் நாள்கணக்கில் வரிசையில் நின்றனர், பள்ளிகள் மூடப்பட்டன, மின்வெட்டு நாளொன்றுக்குப் பல மணி நேரம் நீடித்தது.

மின்சாரம் வேறு, எண்ணெய் வேறு

இந்தியா தன் கச்சா எண்ணெய்த் தேவையில் 85 விழுக்காட்டுக்கும் மேல் இறக்குமதி செய்கிறது. ஆனால் நாட்டின் மின்சாரத்தில் எண்ணெயிலிருந்து கிடைப்பது ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. பெரும்பகுதி நிலக்கரியிலிருந்து கிடைக்கிறது. எனவே முப்பந்தல் காற்றாலைகளும், 2016இல் தொடங்கப்பட்ட 648 மெகாவாட் கமுதி சூரிய மின் நிலையமும் முதலில் குறைப்பது நிலக்கரியைத்தான். எண்ணெய் லாரி, பேருந்து, டிராக்டர், இருசக்கர வாகனம் ஆகியவற்றில் எரிகிறது. இலங்கையில் நிலைமை வேறு. அங்கு எண்ணெயிலும் மின்சாரம் எடுக்கப்படுவதால், சூரிய மின்சாரம் கூடினால் எண்ணெய் நேரடியாக மிச்சமாகும்.

மேலூர் வட்டத்தின் நிலை

மதுரைக்கு வடகிழக்கே, திருச்சி நெடுஞ்சாலையில் உள்ள மேலூர், பெரியாறு பாசனத்தின் கடைப்பகுதியில் அமைந்துள்ளது. 1895இல் கட்டி முடிக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணையின் நீர், மலையைக் குடைந்த சுரங்கம் வழியே கிழக்கே திருப்பப்படுகிறது. அது லோயர் கேம்ப் நீர்மின் நிலையத்தில் மின்சாரம் தந்தபின் வைகை அணையை அடைந்து, பேரணையிலிருந்து பெரியாறு முதன்மைக் கால்வாயில் மேலூரை நோக்கி வருகிறது. வாய்க்காலில் தானாகவே பாயும் இந்த நீருக்கு டீசல் தேவையில்லை.

கள்ளந்திரி வரையுள்ள நிலங்கள் இருபோகப் பாசனம் பெறுகின்றன. அதற்கப்பாலுள்ள மேலூர்ப் பகுதிக்கு ஒருபோகமே. அணையில் நீர் குறைந்த ஆண்டுகளில் அதற்கும் உறுதியில்லை. அப்போது கிணற்று நீரே துணை. தமிழ்நாட்டில் 1990 முதல் வேளாண் மின்சாரம் இலவசம் என்பதால், இணைப்பு பெற்றவருக்கு இறைப்புக் கட்டணம் இல்லை. இணைப்புக்குக் காத்திருப்பவர் டீசல் என்ஜினை நம்ப வேண்டும். 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாடு நீக்கப்பட்டது. அதன்பின் உலகச் சந்தையின் ஏற்றம் அவருடைய நெற்பயிருக்கும் வந்து சேர்கிறது. உழவு, அறுவடை, நெல் மூட்டை ஏற்றும் லாரி ஆகியவற்றில் இருவருக்கும் டீசல் செலவு உண்டு.

மாற்று வழிகள்

இணைப்பில்லாத கிணறுகளுக்குச் சூரிய சக்தி பம்புசெட் நேரடி மாற்றாகும். 2019இல் தொடங்கிய பிரதமரின் குசும் திட்டத்தின் கீழ் ஒன்றிய, மாநில அரசுகள் இதற்கு மானியம் தருகின்றன. வேளாண் பொறியியல் துறை இதைச் செயல்படுத்துகிறது. போக்குவரத்தில் இரயில்வே முன்னே சென்றுள்ளது. அகல இரயில் பாதையில் 95 விழுக்காட்டுக்கும் மேல் மின்மயமாகி, டீசல் என்ஜின்களின் தேவை வெகுவாகக் குறைந்துள்ளது. பிரேசில் 1975இல் தொடங்கிய கரும்பு எத்தனால் திட்டம் மற்றொரு வழி. இந்தியாவும் பெட்ரோலில் எத்தனால் கலந்து வருகிறது. ஆனால் கரும்புக்கு நீர் மிகுதியாக வேண்டும் என்பதால், வறண்ட பகுதிகளுக்கு இது எளிதில் பொருந்தாது.

வரம்புகள்

சூரிய பம்புசெட் பகலில் மட்டுமே முழுமையாக இயங்கும். மானியம் போக விவசாயி செலுத்த வேண்டிய பங்கும் சிறு விவசாயிக்குப் பெருந்தொகைதான். டீசல் செலவு நின்றவுடன் தேவைக்கு மேல் இறைக்கும் பழக்கமும் ஏற்படலாம். மதுரை மாவட்டத்தின் பெரும்பகுதி கடும்பாறை நிலம். பாறை வெடிப்புகளில் தேங்கும் நீரே கிணறுகளில் ஊறுகிறது. ஆகவே கண்மாய்களைத் தூர்வாரி நிலத்தடி நீரைப் பெருக்காமல் பம்புசெட்டை மட்டும் மாற்றினால், எண்ணெய் மிச்சமாகும், நீர் மிஞ்சாது. டிராக்டருக்கும் கனரக லாரிக்கும் சிறு விவசாயி வாங்கக்கூடிய விலையில் மின்சார மாற்று இன்னும் பரவலாக வரவில்லை. அதுவரை, சூரிய பம்புசெட் வைத்தவரின் சாகுபடிச் செலவிலும் டீசலுக்கு ஒரு பங்கு இருந்துகொண்டே இருக்கும்.