ஈரம் போக எடை எவ்வளவு?

உளுந்தூர்பேட்டை ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்கு மல்லாட்டை வரத்து இருக்கும் நாளில் போய் நின்று பாருங்கள். நிலக்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பெயர் அது. மூட்டை வாயில் தெரிகிற காயை வியாபாரி மதிப்பதே இல்லை. கையை முழங்கை வரை உள்ளே விட்டு அள்ளுவார். காதருகே குலுக்குவார். காய்ந்த காய் கலகலக்கும், ஈரக்காய் ஊமையாக இருக்கும். நாலைந்தை உடைத்துப் பருப்பைப் பார்ப்பார். பிறகு நிமிர்ந்து, அன்றைக்குக் கூடத்தில் மொத்தம் எத்தனை மூட்டை இறங்கியிருக்கிறது என்று ஒரு நோட்டம் விடுவார். அதற்கப்புறம்தான் சீட்டில் விலை எழுதுவார். இன்றைய எடை அவருக்குப் பெரிதில்லை. ஈரம் போனால் எவ்வளவு நிற்கும் என்பதுதான் கணக்கு.

அதே வட்டாரத்தில், பொங்கல் முடிந்த கையோடு நடக்கும் கபடிப் போட்டிக்கு வாருங்கள். புதுப் பையன் ஒருவன் ஏறிப் பாடுகிறான். ஒரே மூச்சில் மூன்று பேரைத் தொட்டுவிட்டு நடுக்கோட்டில் விழுகிறான். ஓரத்தில் நிற்பவர் அங்கேயே தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்: “இவன் புரோ கபடிக்குப் போயிடுவான் பாரு.” மல்லாட்டைக்குக் காட்டிய நிதானம் மனிதனுக்குக் கிடைப்பதில்லை.

முதல் பருவம் ஆடும் வீரனுக்கு விலை வைப்பது உலகம் முழுக்க இருக்கும் தலைவலி. அமெரிக்கக் கால்பந்தில் ‘ரன்னிங் பேக்’ என்றொரு ஆள் உண்டு. பந்தை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டு, எதிரணியின் சுவருக்குள் இடுக்கு தேடிப் பாய்வது அவர் வேலை. கபடியில் பாடப் போகும் நம் ரெய்டருக்கு நெருங்கிய உறவுக்காரர் என்று சொல்லலாம். இருவருக்கும் எதிரே ஒரு கூட்டம், சில நொடி அவகாசம், ஒவ்வொரு முறையும் உடம்பில் ஓர் அடி. புதிதாக வந்த இப்படிப்பட்ட ஒருவனின் உண்மையான மதிப்பு என்ன? இதற்கு நம் வீட்டு வாசலிலேயே ஒரு பாடம் நடந்திருக்கிறது.

பாதிப் பணமும் ஒரு முழங்காலும்

2022. புரோ கபடி லீகின் 9வது பருவ ஏலம். அணி ஒன்று செலவழிக்கக்கூடிய உச்சவரம்பு 4.4 கோடி ரூபாய். அதில் பாதிக்கு மேல், 2 கோடியே 26 லட்சத்து 50 ஆயிரத்தை, பவன் செராவத் என்ற ஒரே ரெய்டருக்குக் கொடுத்தது தமிழ் தலைவாஸ். 2017-ல் லீகில் நுழைந்ததிலிருந்து ஒருமுறைகூட அடுத்த சுற்றைப் பார்க்காத அணியின் பெரிய பந்தயம் அது. அக்டோபரில் பெங்களூருவில் குஜராத் ஜயண்ட்ஸுடன் முதல் ஆட்டம். முதல் பாதியிலேயே பவனுக்கு முழங்காலில் அடி. ஸ்ட்ரெச்சரில் வெளியே போனவர் அந்தப் பருவம் முழுக்கத் திரும்பவில்லை.

அந்த இடத்துக்கு வந்தவர் நரேந்தர் கண்டோலா. அரியானாக்காரர். ‘புதிய இளம் வீரர்’ ஒப்பந்தத்தில் சேர்ந்தவர் என்பதால் பெரிய ஏலத் தொகை எதுவும் அவர் பெயருக்கு எதிரே இல்லை. அவர் 23 ஆட்டங்களில் 243 ரெய்டு புள்ளி எடுத்தார். ஆட்டத்துக்கு 10க்கும் மேல். அறிமுகப் பருவத்தில் அதுவரை எவரும் தொடாத அளவு. பருவத்தின் நடுவில் பயிற்சியாளராகப் பொறுப்பேற்ற ஆஷன் குமாரின் கீழ் தலைவாஸ் முதன்முறையாக அரையிறுதிக்குப் போனது. புனேரி பல்தானிடம் 39-37 என்று, இரண்டே புள்ளியில் தோற்றது.

கோடிகள் கொடுத்து வாங்கியவர் வெளியே, பேர் தெரியாத பையன் உச்சியில். கதை இதோடு முடிந்தால் சினிமா. ஆனால் அடுத்த ஏலத்துக்கு முன்னால் ஓர் அணி நிர்வாகி கேட்க வேண்டிய கேள்வி வேறு: இந்த 243-ல் ஈரம் எவ்வளவு?

காயும் வரை பொறு

எந்தப் புள்ளிக்கணக்கிலும் இரண்டு சரக்கு கலந்திருக்கும். ஒன்று திறமை, மற்றது தற்செயல். எதிரணியின் கார்னர் பிடிகாரர் வழுக்கி விழுந்தது, நடுவர் பார்வையில் பட்ட நூலிழைத் தொடுகை, பழக்கமில்லாத ஆளின் காலசைவைப் பிடிகாரர்கள் இன்னும் படிக்காதது. இவையெல்லாம் ஈரம். எடைக்கு எடை நிற்கும், நாள்பட்டால் காய்ந்துவிடும்.

ஈரம் எவ்வளவு என்று கணக்குப் போட முடியும். பாடப் போனால் பாதிமுறை புள்ளியோடு திரும்பக்கூடிய ஒரு ரெய்டரை எடுத்துக்கொள்வோம். அவர் 40 ரெய்டு மட்டும் போனால், வெற்றி விகிதம் தற்செயலாலேயே 34 சதவீதம் முதல் 66 சதவீதம் வரை எங்கும் இருக்கலாம். 34 வந்தால் ‘தேறமாட்டான்’ என்போம், 66 வந்தால், புள்ளி குவிப்பில் பேர்போன ரெய்டரின் பெயரைச் சொல்லி ‘அடுத்த பர்தீப் நர்வால்’ என்போம். ஆள் ஒருவர்தான். அவரே 400 ரெய்டு போனால் அந்த இடைவெளி 45க்கும் 55க்கும் நடுவே சுருங்கிவிடும். முன்னணி ரெய்டர் ஓர் ஆட்டத்தில் ஏறத்தாழ 15 முதல் 20 முறை பாடப் போகிறார். அதாவது 40 என்பது இரண்டு, மூன்று ஆட்டம். 400 என்பது கிட்டத்தட்ட ஒரு முழுப் பருவம்.

‘ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்’ என்பது பொய்யா என்று கேட்கலாம். பொய்யில்லை. ஆனால் அந்தப் பழமொழிக்குள் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது: ஒரே அரிசி, ஒரே தீ, நன்றாகக் கிளறிய பானை. கபடி அப்படி வேகும் சோறில்லை. ஒவ்வொரு ரெய்டும் வேறு தீ.

கையில் 40 ரெய்டுதான் இருக்கிறது, விலை இன்றே சொல்லியாக வேண்டும் என்றால்? அதற்குப் புள்ளியியலாளர்கள் வைத்திருக்கும் வழியின் பெயர் சுருக்குதல். 1977-ல் பிராட்லி எஃப்ரான், கார்ல் மோரிஸ் இருவரும் இதை எளிமையாக விளக்கிக் காட்டினார்கள். 1970-ம் ஆண்டின் 18 பேஸ்பால் வீரர்கள். ஒவ்வொருவருக்கும் பருவத் தொடக்கத்தின் முதல் 45 வாய்ப்புகள். அந்தச் சராசரிகளை அப்படியே நம்பாமல், ஒவ்வொன்றையும் 18 பேரின் பொதுச் சராசரியை நோக்கி இழுத்தார்கள். பருவத்தின் மீதிப் பகுதியோடு ஒப்பிட்டபோது, இழுக்கப்பட்ட கணிப்பின் மொத்தப் பிழை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கியிருந்தது.

நம் பையனுக்கு இதைப் போட்டுப் பார்ப்போம். ஒரு பேச்சுக்கு, புது ரெய்டர்களின் பொதுவான வெற்றி விகிதம் 40 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். பையன் 40-க்கு 24, அதாவது 60 சதவீதம். அவன் கணக்கில் ‘சராசரிப் புதுமுகத்தின்’ 60 ரெய்டைக் கற்பனையாகச் சேருங்கள். அதில் வெற்றி 24. இப்போது 100-க்கு 48. இன்றைக்கு அவனுக்கு 48 சதவீத விலைதான். அதே வேகத்தில் 340 ரெய்டு வரை போனால், கற்பனைச் சரக்கோடு சேர்த்து 400-க்கு 228, அதாவது 57. சாட்சி கூடக்கூடக் கற்பனைக்கு மதிப்புக் குறைகிறது, பையனின் சொந்த எண் மேலேறுகிறது. எத்தனை கற்பனை ரெய்டு சேர்ப்பது என்பதைப் பழைய பருவங்களின் கணக்குப் புத்தகம் சொல்லும்.

மற்ற மூட்டைகள்

வியாபாரி நிமிர்ந்து கூடத்தை நோட்டம் விட்டாரே, அது இரண்டாவது பாடம். ஒரு பொருளின் மதிப்பு, அதற்கு மாற்றாக எது கிடைக்கும் என்பதைப் பொறுத்தது.

கபடியில் ரெய்டு என்பது கட்டாயம். 30 நொடிக்கு ஒருமுறை யாராவது ஒருவர் பாடப் போயே ஆக வேண்டும். நரேந்தர் போகாவிட்டால் இன்னொருவர் போயிருப்பார், அவரும் சும்மா வந்திருக்க மாட்டார். அதே வாய்ப்புகளில் ஒரு சாதாரண ரெய்டர் 150 புள்ளி எடுத்திருப்பார் என்று வைத்துக்கொண்டால், நரேந்தரால் அணிக்குக் கிடைத்த உபரி 93. விலை கொடுக்க வேண்டியது அந்த 93-க்கு. 243-க்கு விலை கொடுப்பது, சாக்கையும் சேர்த்து எடை போடுவது மாதிரி.

வாய்ப்பின் தரமும் ஒன்றுபோல் இருக்காது. எதிரே ஆறு பேராவது நின்றால்தான் போனஸ் கோட்டுக்குப் புள்ளி. மூன்று பேரோ அதற்குக் குறைவோ நின்றால் தொடுவதற்கு ஆளே குறைவு. பிடிபட்டால் ‘சூப்பர் டேக்கிள்’ என்று எதிரணிக்கு இரண்டு புள்ளி. இரண்டு ரெய்டு வெறுமனே போனால் மூன்றாவது ‘டூ ஆர் டை’. எடுக்காவிட்டால் அவுட். அடுத்தவர் தள்ளிவிடும் இந்த மூன்றாவது ரெய்டை ஏற்கும் பையனின் சதவீதம் தாளில் மோசமாகத்தான் தெரியும். ஆறேழு பேர் நிற்கும்போது மட்டும் போய் போனஸ் தட்டிவிட்டு வருபவனின் எண் பளபளக்கும். எண்ணை மட்டும் பார்த்தால் இரண்டாமவனை வாங்கி ஏமாறுவோம்.

விளைந்த மண்

பாடப் போகிறவர் தனி ஆள்போலத் தெரிகிறார். ஆனால் அவர் அவுட்டானால் மறுபடி உள்ளே வர, தன் அணியில் வேறொருவர் புள்ளி எடுக்க வேண்டும். பிடி பலமாக இருந்தால் ரெய்டர் சீக்கிரம் உயிர் பெறுவார். பலவீனமாக இருந்தால், எவ்வளவு பெரிய கெட்டிக்காரரும் ஓரத்தில் உட்கார்ந்து ஆட்டம் பார்ப்பார். அந்த 2022 பருவத்தில் நரேந்தருக்குப் பின்னால் சாகர் ராத்தி, சாகில் குலியா, மோகித், அபிஷேக் என்று ஒரு பிடிப்படை இருந்தது. 243-ல் அவர்கள் வியர்வையும் உண்டு.

எதிர்ச்சாட்சி அடுத்த பருவத்திலேயே கிடைத்தது. குணமாகி வந்த பவனைத் தெலுங்கு டைட்டன்ஸ் 2 கோடியே 60 லட்சத்து 50 ஆயிரத்துக்கு வாங்கியது. அவர் 200 ரெய்டு புள்ளியைத் தாண்டினார். அணியோ 22 ஆட்டங்களில் இரண்டே வெற்றியோடு கடைசி இடத்தில் நின்றது.

அமெரிக்காவிலும் இதே கதைதான். 2018-ல் நியூயார்க் ஜயண்ட்ஸ் அணிக்கு அறிமுகமான ரன்னிங் பேக் சாக்வான் பார்க்லி, முதல் பருவத்திலேயே மொத்தம் 2,028 யார்டு சேர்த்தார். அதன் பிறகு காயமும் பலவீனமான முன்வரிசையும் சேர்ந்து அவரை இழுத்தன. 2023-ல் ஓர் ஓட்டத்துக்குச் சராசரி 3.9 யார்டு. 2024-ல் பிலடெல்பியா ஈகிள்ஸுக்கு மாறினார். எதிரிகளைத் தள்ளி வழி திறந்துவிடும் முன்வரிசைக்குப் பேர்போன அணி அது. அங்கே சராசரி 5.8. ஓடியே 2,005 யார்டு. அணி சாம்பியன். கால் அதே கால்தான், மண் வேறு.

இதை எந்திரமும் உறுதிசெய்தது. அமெரிக்கக் கால்பந்து லீகில் வீரர்களின் தோள் கவசத்தில் இருக்கும் சில்லு, நொடிக்குப் பத்துமுறை இடத்தைச் சொல்லும். பந்து கைமாறும் நொடியை மட்டும் கொடுத்து, ஓட்டம் எத்தனை யார்டு போகும் என்று கணிக்க 2019-ல் ஒரு போட்டி வைத்தார்கள். வென்றவர்கள் ஆஸ்திரியாவைச் சேர்ந்த இரண்டு தரவு வல்லுநர்கள். சுற்றி நிற்பவர்களின் இடமும் வேகமும் ஒருவருக்கொருவர் எப்படி அமைந்திருக்கின்றன என்பதுதான் அவர்கள் கணிமுறைக்குத் தீனி. ஓடுபவரின் பெயரையோ புகழையோ அது கேட்கவில்லை.

இருப்பில் எவ்வளவு நாள்?

மல்லாட்டையை எத்தனை மாதம் இருப்பு வைக்கலாம் என்பதும் விலையில் சேரும். ரெய்டரின் இருப்புக் காலம் குறைவு. ஒவ்வொரு ரெய்டிலும் கணுக்காலையும் முழங்காலையும் எதிரிக்குக் காட்டித்தான் புள்ளி எடுக்க முடியும். பிடிகாரருக்கு அந்தத் தேய்மானம் கொஞ்சம் குறைவு, அனுபவம் அவருக்குக் கூடுதல் கை. தஞ்சாவூர் மாவட்டத்துத் தர்மராஜ் சேரலாதன் 40 வயதைத் தாண்டியும் புரோ கபடியில் பிடி போட்டார். மறுபக்கம், 2017 பருவத்தில் 369 ரெய்டு புள்ளி குவித்த பர்தீப் நர்வால், 2021-ல் 1 கோடியே 65 லட்சம் விலை போனார். 2025 ஏலத்தில் அவரை எடுக்க ஆளில்லை. ஓய்வை அறிவித்தபோது வயது 28.

ஆகவே புதுமுகத்தின் மதிப்பு என்பது, ஈரம் கழித்து, சாக்கைக் கழித்து, மண்ணின் பங்கைக் கழித்து, மிச்சமிருக்கும் ஆண்டுகளால் பெருக்கிய ஓர் எண். நம் ஊர் அணித் தேர்வாளருக்கு இதற்குச் சில்லும் வேண்டாம், கணினியும் வேண்டாம். நாற்பது பக்க நோட்டுப் போதும். எத்தனை முறை பாடப் போனான், எதிரே எத்தனை பேர் நின்றார்கள், அது டூ ஆர் டையா, அவுட்டானபின் எவ்வளவு நேரம் வெளியே உட்கார்ந்தான் என்று நாலு பத்தி போட்டு ஒரு பருவம் எழுதினால், ஓரத்தில் நின்று தீர்ப்புச் சொல்பவரைவிட அந்த நோட்டுக்கு நன்றாகவே கண் தெரியும்.

இத்தனை கழித்தலும் பையன்களின் வயிற்றில் அடிப்பதற்கு என்று நினைக்க வேண்டாம். சுருக்குதல் இரண்டு பக்கமும் வேலை செய்யும். உயரத்தில் இருப்பவனைக் கீழே இழுக்கும் அதே கணக்கு, சறுக்கியவனைச் சராசரியை நோக்கி மேலே தூக்கிவிட்டு ‘இன்னும் சாட்சி போதாது’ என்கிறது. பெங்களூரு புல்ஸ் அணியில் அறிமுகமான ஒரு பதின்வயதுப் பையன் அந்தப் பருவத்தில் 6 ஆட்டம் ஆடி, 9 புள்ளி எடுத்தான். மூட்டை வாயைப் பார்த்து விலை எழுதியிருந்தால் ஊருக்கு அனுப்பியிருப்பார்கள். பாட்னா பைரேட்ஸ் அவனை எடுத்து ஆட விட்டது. கடைசியில் 1,801 ரெய்டு புள்ளியோடு அவன் ஓய்வு பெற்றான். பர்தீப் நர்வால்தான் அந்தப் பையன்.